ஒரு கம்பியில் எத்தனை கருவிகள்?

மல்லசமுத்திரம், திருச்செங்கோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த பகுதியில் தறியும் பருத்தியும் சேர்ந்தே வாழ்க்கைக்கு ஆதாரமாக விளங்குவதை அன்பர்கள் யாவரும் அறிவர். இப்பகுதியின் தொழிற்கூடங்களுக்கு இப்பொழுது ஒரு புதிய சாதனம் அறிமுகமாகி வருகிறது. ஒவ்வொரு தறியிலும் ஒரு சிறு கருவியைப் பொருத்தி, அது ஓடுகிறதா நிற்கிறதா, எத்தனை ஊடை விழுந்தது, எவ்வளவு மின்சாரம் செலவாயிற்று என்பவற்றைக் கம்பி வழியாக ஓரிடத்தில் திரட்டுவதே அது. இதனைக் கட்டுப்பாட்டு வலை என்பர்.

இச்சாதனத்தை விற்க வருவோரிடம் நம்மவர் முதலில் கேட்பது விலை. அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஒரு கம்பியில் எத்தனை கருவிகளை இணைக்கலாம்? இதனை முன்கூட்டியே கணக்கிடாமல் கம்பி இழுத்துவிட்டால், பணம் விரயமாவதோடு நெசவாளரின் கூலிக் கணக்கிலும் குழப்பம் நேரக்கூடும். ஆதலால் அக்கணக்கு இன்னதென்பதை இங்கே விளக்குவோம்.

இத்தகைய வலைகளில் மிகப் பழையதும் இன்றும் பரவலாக வழங்குவதுமான முறைக்கு மோட்பஸ் என்று பெயர். அமெரிக்க நாட்டின் மோடிகான் நிறுவனம் 1979ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டது. கருவிகளைப் பிணைக்கும் கம்பிக்குரிய ஆர்.எஸ். 485 என்னும் மின் விதி 1983இல் வகுக்கப்பட்டது. நம் தொழிற்கூடங்களில் உள்ள மின்சார மீட்டர்களிலும் மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் இவ்விரண்டும் சேர்ந்தே காணப்படுவது வழக்கம்.

இதன் வேலைமுறை ஏரிப் பாசனத்தில் முறைவைத்து நீர் பாய்ச்சுவதை ஒத்தது. தலைமைக் கருவி ஒன்று வரிசையாக ஒவ்வொரு தறியின் கருவியையும் பெயர் சொல்லிக் கேட்கும். அழைக்கப்பட்ட கருவி மட்டுமே விடை கூறும். ஒருவர் முறை முடிந்த பின்னரே அடுத்தவர் முறை. ஆகவே கருவிகள் பெருகப் பெருக, ஒரு சுற்று முடிய ஆகும் நேரமும் பெருகும்.

இங்கே மூன்று வரம்புகள் உள்ளன. முதலாவது மின்சுமை வரம்பு. ஆர்.எஸ். 485 விதிப்படி ஒரு கம்பித் தொடர் 32 அலகுச் சுமையைத் தாங்கும். தலைமைக் கருவியும் இதில் ஒன்றாகக் கணக்காகும். சில புதிய கருவிகள் எட்டில் ஒரு பங்கு சுமையே தருவன. அவற்றைக் கூடுதலாக இணைக்கலாம். எனினும் மோட்பஸ் முறையில் கருவிகளுக்கு இடக்கூடிய எண்கள் 1 முதல் 247 வரையில்தான். கம்பியின் நீளம் ஏறத்தாழ 1,200 மீட்டருக்குள் இருத்தல் நலம். கம்பி ஒரு தறியிலிருந்து அடுத்த தறிக்கென ஒரே தொடராகச் செல்ல வேண்டும். மரக்கிளை போல் பிரியலாகாது. இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை பொருத்துதல் அவசியம்.

இரண்டாவது கால வரம்பு. பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். விநாடிக்கு 9,600 பிட் வேகத்தில் ஓடும் கம்பியில், ஒரு கருவியிடம் பத்து எண்களைக் கேட்டுப் பெறுவதாக வைத்துக்கொள்வோம். வினாவுக்கும் விடைக்கும் இடைவெளிகளுக்கும் ஏறக்குறைய 46 மில்லி விநாடி செல்லும். கருவி விடை கூறத் தயாராவதற்கு 20 மில்லி விநாடி சேர்த்தால் 66. கைக்கணக்குக்கு 70 என்று கொள்வோம். 30 தறிகள் உள்ள கூடத்தில் ஒரு சுற்று முடிய 2.1 விநாடி ஆகும். இதில் குறையொன்றுமில்லை.

ஆனால் எல்லாத் தறிகளும் எந்நாளும் ஓடுவதில்லை. பாவு தீர்ந்தும் நூல் வராமலும் ஆள் வராமலும் சில தறிகள் நிற்கும். தறியின் சுவிட்சை அணைக்கும்போது அதிலுள்ள கருவியும் அணைந்துவிட்டால், தலைமைக் கருவி அதனை அழைத்துவிட்டு விடைக்காகக் காத்துக் கிடக்கும். காத்திருக்கும் நேரத்தை ஒரு விநாடி என்று அமைத்திருந்தால், ஐந்து தறிகள் நின்ற நாளில் 5 விநாடி வீணாகும். ஓடும் 25 தறிகளுக்கு 1.75 விநாடி, ஆக ஒரு சுற்றுக்கு 6.75 விநாடி. விடை வராத கருவியை மும்முறை அழைக்குமாறு அமைத்திருந்தால் அதுவே 16.75 விநாடியாகும். ஓடும் தறி ஒன்று கேட்கும் நேரத்தைப் போல் பதினான்கு மடங்குக்கு மேல், நிற்கும் தறி ஒன்று தின்றுவிடுகிறது!

இதற்குப் பரிகாரம் எளிதே. கருவிக்கு வரும் மின்சாரம் தறி மோட்டாரின் சுவிட்சைச் சாராமல் தனியே வருமாறு அமைத்தால், தறி நின்றபோதும் கருவி விடை கூறும். காத்திருக்கும் நேரத்தை 200 மில்லி விநாடியாகக் குறைத்து, ஒரே முறை அழைத்தால் போதுமென அமைத்தால் மேற்படி 6.75 விநாடி 2.75 ஆகக் குறையும். விடை கூறாத கருவியை நிமிடத்திற்கு ஒரு முறை மட்டும் அழைப்பதும் நன்று. 30 தறிகளையும் ஒரே கம்பியில் கோக்காமல், தலைக்குப் பதினைந்தாக இரு தொடர்களாகப் பிரித்து, இரண்டும் ஒரே வேளையில் இயங்குமாறு செய்தால் சுற்று நேரம் பாதியாகும். பின்னாளில் தறிகள் கூட்டவும் இடமிருக்கும்.

மூன்றாவது வரம்பு இணைப்புகளின் எண்ணிக்கை. கம்பியில் திரண்ட செய்தியைக் கணினி வலைக்கு மாற்றித் தரும் பெட்டி, ஒரே சமயத்தில் குறிப்பிட்ட சிலருக்கு மட்டுமே இடம் தரும். அப்பெட்டி எட்டு இணைப்புகளை ஏற்கும் என்று கொள்வோம். கூடத்திலுள்ள திரை ஒன்று, அலுவலகக் கணினி ஒன்று, மின்சாரக் கணக்கு ஒன்று, பங்காளிகளின் கைப்பேசிகள் மூன்று என ஆறு இடங்கள் நிரம்பிவிடும். பழுது பார்க்க வந்தவர் தம் மடிக்கணினியின் கம்பியை முறைப்படி துண்டிக்காமல் பிடுங்கிச் சென்றால், அவருடைய இடமும் சிறிது நேரம் காலியாகாது. ஆகையால் எல்லோரும் பெட்டியையே நாடாமல், ஒரு கணினி மட்டும் செய்தியைப் பெற்றுப் பதிந்துவைக்க, மற்றையோர் அதிலிருந்து பார்ப்பதே உத்தமம். ஒரு முறை எடைபோட்டுப் பேரேட்டில் பதிந்தபின், கேட்போருக்கெல்லாம் பேரேட்டைக் காட்டுவது போன்றது இது.

இனிக் கூலி பற்றிய விஷயம். ஊடை எண்ணிக்கையைக் கொண்டு கூலி கணக்கிடுவதாயின், எண்ணும் வேலையை அந்தந்தத் தறியின் கருவியே செய்து, மொத்தத்தைத் தன் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் போனாலும் அது அழியலாகாது. அப்பொழுது கம்பியில் பத்துச் சுற்றுத் தவறினாலும் ஓர் ஊடைகூடக் கணக்கில் விடுபடாது. தலைமைக் கருவி நேரில் எண்ணுமாறு அமைத்தாலோ, வலை தாமதிக்கும்போதெல்லாம் நெசவாளரின் உழைப்பு கணக்கில் குறையும். இவ்வாறிருந்தும், துணியை அளந்து சரிபார்க்கும் பழைய வழக்கத்தைக் கைவிடுதல் கூடாது.

ஆபத்துக் காலத்தில் எந்திரத்தை நிறுத்தும் பொத்தானை இவ்வலையின் வழியே ஒருபோதும் இயக்கலாகாது. அதற்குத் தனிக் கம்பி வேண்டும். பருத்திக்குச் சொட்டுநீர் பாய்ச்சும் விவசாய அன்பர்களும் இதனை மனத்தில் கொள்க. கிணற்றில் நீர் வற்றியதும் மோட்டாரை நிறுத்தும் வேலை ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளேயே முடிய வேண்டும். செய்தி வலை அதனை அறிவித்தால் போதும்.

ஆகவே விலைப்புள்ளியில் கையெழுத்திடுமுன் ஐந்து கேள்விகளுக்கு எழுத்தில் விடை பெறுங்கள். ஒரு தொடரில் எத்தனை கருவிகள்? எல்லாம் ஓடும்போது ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி? ஐந்து தறிகள் நின்றால் எத்தனை விநாடி? பெட்டி எத்தனை இணைப்புகளை ஏற்கும்? மின்சாரம் போனால் ஊடைக் கணக்கு நிற்குமா? வரம்பில் முக்கால் பங்குக்கு மேல் முதல் நாளிலேயே நிரப்பாமல், கால் பங்கை எதிர்காலத்திற்கு விட்டுவைப்பது விவேகம். தறிகள் அருகருகே உள்ள சிறு உடைமையாளர் சிலர் ஒன்றுகூடி இக்கணக்கைப் போட்டுப் பொதுவில் கருவிகள் வாங்குவாராயின், செலவும் குறையும். விற்பவரும் கணக்குக் கேட்போரிடம் கவனமாகவே நடந்துகொள்வர்.