வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக் கூட்டம்

இசையைத் தொழிலாக்கியவர்கள் – 9

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம், மேற்கு கிராண்ட் புலவார்டு, கதவு எண் 2648. அறுபதுகளில் வெள்ளிக்கிழமை காலைதோறும் அங்கே ஒரு கூட்டம் நடக்கும். மணி ஒன்பது அடித்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். பிந்தி வருபவர் யாராக இருந்தாலும் அன்றைக்கு வெளியேதான். உள்ளே இருப்பவர்கள் புதிதாகப் பதிவான பாட்டுகளைக் கேட்டு, வெளியிடலாமா வேண்டாமா என்று ஓட்டுப் போடுவார்கள். இழுபறி என்றால் மோடவுன் நிறுவனத்தின் முதலாளி பெரி கோர்டி ஒரு கேள்வியைப் போடுவார். பசி வயிற்றைக் கிள்ளுகிறது, கையில் இருப்பது கடைசி ஒரு டாலர். அதைக் கொடுத்து இந்த ரெக்கார்டை வாங்குவீர்களா, சாண்ட்விச் வாங்குவீர்களா?

கறுப்பின இளைஞர்களின் பாட்டை அமெரிக்காவின் எல்லா வீடுகளுக்கும் கொண்டுபோன கோர்டியின் வாழ்க்கையில், இந்தக் கூட்டத்தைத்தான் முதல் பாடமாக வைப்பேன். நல்ல காது பலருக்கு உண்டு. தன் காதையும் அடுத்தவர் சோதிக்கட்டும் என்று ஓர் ஏற்பாடு செய்துகொள்பவர்கள் குறைவு.

கடை சொன்ன பாடம்

1929இல் பிறந்த கோர்டி, எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது. குத்துச்சண்டைக்காகப் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டார். கொரியப் போர்க் காலத்தில் ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியதும் ஒரு ரெக்கார்டு கடை போட்டார். அவருக்கு ஜாஸ் என்றால் உயிர். கடை முழுக்க ஜாஸையே அடுக்கினார். வந்த வாடிக்கையாளர்களோ, கார்த் தொழிற்சாலைகளில் உழைத்துக் களைத்தவர்கள், ப்ளூஸ் கேட்டார்கள். ஜாஸின் அருமையை அவர்களுக்கு எடுத்துச் சொல்லிப் பார்த்தார் கோர்டி. கடைசியில் மனம் மாறி ப்ளூஸ் வாங்கி வைத்தபோது காலம் கடந்திருந்தது. 1955இல் கடையை மூடினார்.

அடுத்து அவரும் அதே தொழிலாளர்களில் ஒருவரானார். லிங்கன்-மெர்க்குரி கார்த் தொழிற்சாலையில் வேலை. வெறும் இரும்புச் சட்டமாக ஒரு முனையில் ஏறுவது, ஆள் ஆளாகக் கைமாறி, மறுமுனையில் பளபளக்கும் காராக இறங்குவதை அங்கே தினமும் பார்த்தார். வேலை செய்துகொண்டே மனதுக்குள் மெட்டுப் போட்டார்.

3 டாலர் 19 சென்ட்

1957இல் வேலையை விட்டு முழுநேரமாகப் பாட்டெழுத இறங்கினார். ஜாக்கி வில்சன் பாடிய அவரது பாட்டுகள் பெரும் புகழ் பெற்றன. புகழ் வந்த வேகத்தில் பணம் வரவில்லை. ஒருமுறை ராயல்டியாக வந்த காசோலையில் இருந்த தொகை 3 டாலர் 19 சென்ட். அதைப் பார்த்த இளம் பாடகர் ஸ்மோக்கி ராபின்சன், நாமே ஒரு ரெக்கார்டு கம்பெனி தொடங்கலாமே என்றார். குடும்பத்தார் பணம் போட்டு வைத்திருந்த பொதுச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் வாங்கி, 1959 ஜனவரியில் கோர்டி தொழிலைத் தொடங்கினார்.

அதே ஆண்டு வாங்கிய 2648ஆம் எண் வீட்டில் மேலே குடியிருப்பு, கீழே அலுவலகம், பின்பக்கம் ஸ்டுடியோ. ஒருவர் எழுத, ஒருவர் இசைக்க, ஒருவர் நடன அசைவு சொல்லித்தர, இன்னொருவர் மேடையில் நிற்கவும் நடக்கவும் பழக்கினார். தொழிற்சாலையில் கண்ட வரிசை இங்கே பாட்டுக்கு வந்தது. வரிசையின் கடைசியில் இருந்த தரச் சோதனைதான் வெள்ளிக்கிழமைக் கூட்டம். இளைஞர்கள் பாட்டுக் கேட்பது பெரும்பாலும் கார் ரேடியோவில் என்பதால், சின்ன ஸ்பீக்கரிலும் போட்டுப் பார்த்தார்கள்.

தன் வேலையிலும் அவர் சலுகை காட்டவில்லை. 1960இல் மிராக்கிள்ஸ் குழுவின் ‘ஷாப் அரவுண்ட்’ ஏற்கெனவே வெளியாகியிருந்தது. அதன் வேகம் போதாது என்று தோன்றவே, நள்ளிரவு தாண்டிய நேரத்தில் ராபின்சனுக்கு போன் போட்டு எல்லோரையும் வரவழைத்தார். பியானோக்காரர் வரவில்லை, கோர்டியே உட்கார்ந்து வாசித்தார். அந்தப் புதிய பதிவுதான் நிறுவனத்தின் முதல் பத்து லட்சம் பிரதி விற்பனை.

முதலாளியின் காதும் தவறும்

மார்வின் கே பாடிய ‘ஐ ஹேர்ட் இட் த்ரூ த கிரேப்வைன்’ 1967இல் பதிவானது. கோர்டிக்குப் பிடிக்கவில்லை, கிடப்பில் போட்டார். தயாரிப்பாளர் நார்மன் விட்ஃபீல்ட் விடவில்லை. அதே பாட்டை கிளாடிஸ் நைட் குழுவை வைத்துப் பதிவு செய்து இரண்டாம் இடம்வரை கொண்டுபோனார். பிறகு மார்வின் கேயின் பதிவு ஓர் ஆல்பத்தில் இடம்பெற, வானொலிக்காரர்கள் அதைத் தேடி ஒலிபரப்பினார்கள். 1968இல் தனி ரெக்கார்டாக வந்து ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது.

போரையும் காவல்துறை வன்முறையையும் பேசிய ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பாட்டையும் கோர்டி விரும்பவில்லை. அதை வெளியிடாமல் வேறு பாட்டுப் பாடமாட்டேன் என்றார் மார்வின் கே. 1971இல் வெளிவந்து அதுவும் வென்றது. வெற்றியைப் பார்த்ததும் முழு ஆல்பமாகச் செய்து தரச் சொன்னார் கோர்டி. தோற்ற கருத்தைப் பிடித்துக்கொண்டு தொங்காத இந்தக் குணம், முன்பு ரெக்கார்டு கடையில் அவரிடம் இருந்திருந்தால் அந்தக் கடை ஒருவேளை பிழைத்திருக்கும்.

எழுதப்படாத பெயர்கள்

பாட்டைச் சோதிக்க இத்தனை நேர்த்தியான ஏற்பாடு செய்தவர், பாட்டைச் செய்தவர்களின் மனக்குறையைக் கேட்க அப்படியொரு கூட்டம் வைக்கவில்லை. ஏறக்குறைய எல்லா வெற்றிகளுக்கும் வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் இசைக்கலைஞர்களின் பெயர்கள் பல ஆண்டுகள் உறைகளில் அச்சாகவில்லை. ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டாரை உலகமே கேட்டது, அவர் யாரென்று தெரியாமலே. ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பத்தில்தான் அவர்கள் பெயர்கள் முறையாக வந்தன. மறு ஆண்டே நிறுவனம் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போக, அவர்களில் பலர் டெட்ராய்ட்டிலேயே விடப்பட்டார்கள்.

பணப் பங்கீட்டில் மனம் கசந்து, வெற்றிகளைக் குவித்துத் தந்த ஹாலண்ட்-டோசியர்-ஹாலண்ட் மூவரும் விலகினர். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. 1975இல் ஜாக்சன் சகோதரர்களில் நால்வரும் போனார்கள். 3 டாலர் 19 சென்ட் காசோலையின் வலி தெரிந்த மனிதர் இதை முன்பே உணர்ந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். 1988இல் மோடவுனை 6 கோடியே 10 லட்சம் டாலருக்கு விற்றார்.

கலையைத் தொழிலாக்க நினைக்கும் இளைஞர்கள் கோர்டியிடம் இரண்டையும் கற்க வேண்டும். உங்கள் முடிவை மறுத்துப் பேசும் உரிமையைக் கூட இருப்பவர்களுக்குக் கொடுங்கள். கணக்கையும் பெயரையும் முதல் நாளிலேயே எழுத்தில் வையுங்கள். முன்னது நல்ல பாட்டைத் தரும். பின்னது அந்தப் பாட்டைத் தந்தவர்களை உங்களோடு தங்கவைக்கும்.

அதே 1959இல் ஜமைக்காவில் ஐலண்ட் ரெக்கார்ட்ஸைத் தொடங்கி, பின்னாளில் பாப் மார்லியை உலகுக்குக் கொண்டுசென்ற கிறிஸ் பிளாக்வெல்லைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)