குளியலறைக் கறுப்புக் கறையும் நமது கடைச் சரக்கும்

ஐப்பசி, கார்த்திகை அடைமழை பிடித்ததும், "அண்ணாச்சி, பாத்ரூம் சுவரெல்லாம் கறுப்பாப் பூத்துக் கெடக்கு, ஏதாச்சும் குடுங்க" என்று தாய்மார்கள் நமது மளிகைக் கடைகளுக்கு வருவது வழக்கம். கடைப் பையனும் ஆசிட் பாட்டில் ஒன்று, பிளீச்சிங் பவுடர் பொட்டலம் ஒன்று என இரண்டையும் ஒரே பையில் போட்டு அனுப்பிவிடுகிறான். தனித்தனியே இரண்டும் நல்ல சரக்குதான். ஒரே வாளியில் கலந்தாலோ குளோரின் என்னும் நச்சுவாயு கிளம்பும். 1915இல் பெல்ஜிய நாட்டு ஈப்ரே போர்முனையில் ஜெர்மன் படையினர் ஏவிவிட்டது இதே வாயுதான். கதவு சாத்திய சிறிய அறையில் இது நெஞ்சை அடைத்துவிடும். கழிப்பறை கழுவும் பாட்டில் திரவங்களில் பெரும்பாலானவையும் அமிலமே என்பது வாங்குவோர் பலருக்குத் தெரியாது.

எதை எதோடு சேர்க்கக்கூடாது என்பது நமது வட்டாரத்துக்குப் புதிய பாடமல்ல. பொட்டாசியம் குளோரேட்டையும் கந்தகத்தையும் பட்டாசில் சேர்க்க மத்திய அரசு 1992இல் தடை விதித்தது. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் பறிபோன உயிர்களை யாரும் மறக்கவில்லை. வெடிமருந்து என்றால் இவ்வளவு பயப்படும் நாம், பாத்ரூம் சாமானைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கிறோம்.

முதலில் கறை என்ன நிறம் என்று கேட்க வேண்டும். வெள்ளையாகப் படிந்திருந்தால் அது போர்த் தண்ணீரின் உப்பு. அதற்குத்தான் ஆசிட். கறுப்புப் புள்ளியாகப் பரவியிருந்தால் அது பூஞ்சணம். அதற்கு ஆசிட் ஊற்றினால் ஓட்டுக்கு இடையிலுள்ள சிமெண்டு அரித்துப்போகும், அந்தக் குழியில் பூஞ்சணம் இன்னும் ஆழமாக உட்காரும். சந்தேகமென்றால் பிளீச்சிங் தண்ணீரில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கலாம். சில நிமிடத்தில் வெளுத்தால் பூஞ்சணமே.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் பவுடர் போதும். கலக்கி அரைமணி நேரம் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் தடவி, 15 நிமிடம் ஊறியபின் தேய்த்து நிறைய தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கையுறை வேண்டும், சன்னல் திறந்திருக்க வேண்டும். முன்னதாக ஆசிட் போட்டிருந்தால் அன்றைக்கு பிளீச்சிங் கூடாது.

கறை போனாலும் ஈரம் இருந்தால் திரும்ப வரும். கொசுவுக்குப் பயந்து சன்னலை அட்டை வைத்து அடைப்பவர்கள் கொசுவலை அடிக்கட்டும். ஈரத்துணியை உள்ளே தொங்கவிடக்கூடாது. குளித்ததும் ரப்பர் கட்டையால் சுவர்த் தண்ணீரை வழித்துவிடுவது நல்லது. குழாய்க் கசிவை அடைக்காமல் எதைத் தடவினாலும் காசுக்குத்தான் கேடு. ஓடு பதிக்காத சுவருக்கு, காய்ந்தபின் பழையபடி சுண்ணாம்பு அடிப்பதே நல்லது. அதன் காரத்தில் பூஞ்சணம் சுலபமாக வளராது.

ஆசிட் விற்பவர்களுக்கு இன்னொன்று. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவுப்படி, வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்து, பெயர், முகவரி, அளவு, காரணம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்குக் கொடுக்கக்கூடாது. மீறினால் ரூ.50,000 வரை அபராதம் உண்டு.

பிளீச்சிங் மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். வாய் திறந்து கிடந்தால் ஈரம் இழுத்து வீரியம் போய்விடும். எனவே மழை மாதங்களில் சிறு அளவாகவே எடுப்பது லாபம். ஆசிட், எண்ணெய், தீப்பெட்டி, பட்டாசு எதுவும் அதன் பக்கத்தில் இருக்கக்கூடாது.