கேரம் பலகையில் துணிவும் பொறுமையும்

மும்பையில் நம்மவர்கள் வாழும் பகுதிகளில் கேரம் பலகை இல்லாத சந்தைக் காண்பது அரிது. தாராவி 90 அடிச் சாலையை ஒட்டிய சந்துகளானாலும் சரி, மாட்டுங்கா, செம்பூர் கட்டடங்களின் கீழ்த்தளமானாலும் சரி, ஒரு விளக்கும் நாலு ஸ்டூலும் கிடைத்தால் ஆட்டம் தொடங்கிவிடும். இப்படி ஆடி ஆடிக் கைதேர்ந்த பிள்ளைகள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பலர் மாவட்டப் போட்டிக்கோ கல்லூரிப் போட்டிக்கோ போனால் முதல் இரண்டு சுற்றுகளிலேயே தோற்றுத் திரும்புகிறார்கள். "பலகை சரியில்லை", "பவுடர் சரியில்லை", "இன்றைக்கு ராசி இல்லை" என்று காரணமும் சொல்கிறார்கள்.

உண்மைக் காரணம் பெரும்பாலும் கணக்கில் இருக்கிறது. சந்தில் ஆடுவதும் போட்டியில் ஆடுவதும் ஒரே பலகையில் நடக்கும் இரண்டு வேறு ஆட்டங்கள். எப்போது துணிந்து அடிப்பது, எப்போது பொறுத்திருப்பது என்பதைப் போட்டியில் ஆட்டக்காரரின் சுபாவம் தீர்மானிக்கக் கூடாது. அந்த நேரத்துப் புள்ளிக்கணக்கு தீர்மானிக்க வேண்டும். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். பணச்செலவு அதிகமில்லாத ஆட்டம் இது. ரிசர்வ் வங்கி போன்ற நிறுவனங்களின் அணிகளுக்கு ஆடி முன்னுக்கு வந்தவர்கள் இந்நகரில் உண்டு. உலகப் பட்டம் வென்ற மும்பை ஆட்டக்காரர் பிரசாந்த் மோரே அவர்களில் ஒருவர். தமிழர்களுக்கும் இதில் பெருமைப்பட நிறைய இருக்கிறது. சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-இல் உருவானது சென்னையில்தான். 1991-லும் 1995-லும் உலகப் பட்டம் வென்ற மரிய இருதயத்துக்கு 1996-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது கிடைத்தது. 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற காசிமா, சென்னை காசிமேட்டைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள். ஆகவே சந்துப் பலகையிலிருந்து பெரிய மேடைக்கு வழி உண்டு. அந்த வழியில் போகிறவருக்குக் கைத்திறனோடு கணக்கும் வேண்டும்.

புள்ளி எங்கிருந்து வருகிறது?

சந்துகளில் பொதுவாக 'பாயிண்ட்' ஆட்டம் ஆடுவார்கள். கறுப்புக்கு 10, வெள்ளைக்கு 20, சிவப்புக்கு 50 என்று ஏதாவது ஒரு கணக்கு. அங்கே பாக்கெட்டில் விழும் ஒவ்வொரு காயும் லாபம். அதனால் தெரிந்த காயை எல்லாம் உடனே போட்டுவிட வேண்டும் என்ற பழக்கம் கையில் ஊறிவிடுகிறது.

போட்டி விதி வேறு. ஒருவருக்கு 9 வெள்ளை, மற்றவருக்கு 9 கறுப்பு, நடுவே ஒரு சிவப்பு. யார் பிரேக் செய்கிறாரோ அவருக்கு வெள்ளை. ஒவ்வொரு போர்டுக்கும் பிரேக் மாறிமாறி வரும். தன் காய்கள் அனைத்தையும் முதலில் முடித்தவர் அந்தப் போர்டை வெல்கிறார். எதிராளிக்கு எத்தனை காய் பலகையில் மிச்சமோ அத்தனை புள்ளி அவருக்கு. சிவப்பை எடுத்து, உடனே தன் காய் ஒன்றையும் போட்டு அதை உறுதி செய்திருந்தால் மேலும் 3 புள்ளி. (ஊரில் நாம் 'ரெட், ஃபாலோ' என்போம்; இங்கே 'குயின், கவர்'.) தன் காய் ஒன்றையாவது போட்ட பிறகுதான் ரெட்டை எடுக்க உரிமை உண்டு. ரெட் போகாமல் யாரும் போர்டை முடிக்கவும் முடியாது.

இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் 7 காய் போட்டுவிட்டு நின்றால் உங்களுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. எதிராளி முடித்துவிட்டால் உங்கள் மீதிக் காய் இரண்டும் அவருக்குப் புள்ளியாகிவிடும். போட்ட காய்களின் பயன் இரண்டே: போர்டை முடிப்பது, அல்லது தோற்கும்போது நஷ்டத்தைக் குறைப்பது. எந்தக் காயைத் தொடுவதற்கு முன்பும், "இந்தப் போர்டை நான் முடிக்கப் போகிறேனா, அல்லது நஷ்டத்தைக் குறைக்கப் போகிறேனா?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

எட்டே போர்டுகள்

ஒரு கேம் என்பது 25 புள்ளி, அல்லது 8 போர்டு. முதலில் 25-ஐ எட்டியவர் வெல்வார். எட்டாவது போர்டு முடிந்தும் யாரும் எட்டாவிட்டால் முன்னிலையில் இருப்பவர் வெல்வார். சமமாக இருந்தால் கூடுதலாக ஒரு போர்டு. மூன்று கேம்களில் இரண்டை வெல்பவருக்கு ஆட்டம்.

சீட்டாட்டங்களில் போக்கர் போட்டியைக் கவனித்தவர்களுக்கு இதன் தன்மை உடனே புரியும். அங்கே ஒவ்வொரு சுற்றிலும் கட்டாயமாகக் கட்ட வேண்டிய தொகை நேரம் ஆக ஆக உயர்ந்துகொண்டே போகும். நல்ல சீட்டு வரும்வரை காத்திருப்பேன் என்று உட்கார்ந்திருப்பவரின் கையிருப்பு தானே கரையும். ஒவ்வொரு சீட்டுக்கும் பாய்பவரோ ஒரே கையில் எல்லாவற்றையும் இழப்பார். கேரத்தில் கரைவது போர்டுகளின் எண்ணிக்கை. ஐந்து போர்டு போனபின் 8–17 என்று பின்தங்கியிருப்பவருக்கு மிச்சம் மூன்றே வாய்ப்பு. முதல் போர்டில் நியாயமாக இருந்த நிதானம் அவருக்கு இப்போது கட்டுப்படியாகாது.

அதேபோல, அதிரடியின் பலனையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். பிரேக் செய்த கையோடு ஒன்பது வெள்ளையையும் ரெட்டையும் ஒரே முறையில் முடிப்பதை 'ஒயிட் ஸ்லாம்' என்கிறார்கள். கூடியிருப்பவர்கள் கைதட்டும் ஆட்டம் அது. ஆனால் அதன் மதிப்பு 9-உம் 3-உம் சேர்ந்து 12. இரண்டு ஸ்லாம் அடித்தாலும் 24-தான். கேம் முடிய ஒன்று குறையும்! எட்டுப் போர்டில் ஐந்தை ஐந்தைந்து புள்ளியாக வென்று, தோற்ற மூன்றில் அதிகம் விட்டுக்கொடுக்காமல் இருப்பவர் ஆரவாரமில்லாமல் 25-க்கு வந்துவிடுவார்.

ரெட்டின் விலை மாறும்

சந்தில் ரெட் என்றால் எப்போதும் பெரிய பரிசு. போட்டியில் அதன் விலை புள்ளிநிலையைப் பொறுத்தது. ஒருவர் 21 புள்ளி வரை இருக்கும்போது ரெட்டுக்கு 3 புள்ளி உண்டு. 22-ஐ எட்டிவிட்டால் ரெட்டால் அவருக்குப் புள்ளி கிடையாது.

நீங்கள் 22, எதிராளி 15 என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு ரெட் பூஜ்யம். அவருக்கு இன்னும் 3. அப்படியானால் அதைத் தொட வேண்டாமா? கட்டாயம் தொட வேண்டும், அவருக்குக் கிடைக்காமல் செய்வதற்காக. ரெட்டை நீங்கள் எடுத்து ஃபாலோ செய்துவிட்டால் உங்கள் காய்களில் குறைந்தது இரண்டு போயிருக்கும், மிச்சம் ஏழு. அந்தப் போர்டை அவரே வென்றாலும் 22-க்கு மேல் போக முடியாது. இங்கே ரெட்டை எடுப்பது பார்வைக்குத் தாக்குதல், கணக்குக்குத் தற்காப்பு.

ஓர் உதாரணம்

இன்னும் நெருக்கமான நிலை ஒன்றைப் பார்ப்போம். ஏழாவது போர்டு. நீங்கள் 19, எதிராளி 20. எட்டாவது போர்டில் பிரேக் உங்களுடையது. இப்போது பலகையில் உங்கள் காய் 5, அவருடைய காய் 2, ரெட் நடுவில் கிடக்கிறது. உங்கள் முறை. சுலபமான காய்கள் இரண்டு தெரிகின்றன. அவற்றில் ஒன்று பாக்கெட்டின் வாயிலேயே நிற்கிறது. ரெட்டும் தெரிகிறது, ஆனால் சற்றுக் கடினமான கட் ஷாட்.

சந்துப் பழக்கம் என்ன சொல்லும்? தெரிந்த இரண்டையும் போடு என்று சொல்லும். போட்டால் உங்களுக்கு மிச்சம் 3. அடுத்து அவர் ரெட்டை எடுத்து, ஒரு காயால் ஃபாலோ செய்து, கடைசிக் காயையும் போட்டால் 3-உம் 3-உம் 6. 20 என்பது 26 ஆகிவிடும், கேம் போய்விட்டது.

இப்போது ரெட்டை முயன்று பாருங்கள். விழுந்தால், பாக்கெட் வாயில் நிற்கும் காய்தான் ஃபாலோ. அதன்பின் கை நின்றுவிட்டாலும் உங்களுக்கு மிச்சம் 4, ரெட் உங்களுடையது. அவர் இரண்டையும் முடித்தால் 4 புள்ளி பெற்று 24-இல் நிற்பார். எட்டாவது போர்டு வெள்ளைக் காயோடு உங்களுக்கு வருகிறது. அதில் ரெட்டும் மூன்று காயும் கிடைத்தால் 25. இரண்டு காயும் ரெட்டும் என்றால் 24–24, கூடுதல் போர்டு. ரெட் விழாமல் போனால்? அப்போதும் சுலபமான காய்கள் பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும். அவரும் ரெட்டை எடுத்தாக வேண்டும்.

இங்கே கடினமான அடிதான் பாதுகாப்பான அடி. சுலபமான அடிதான் ஆபத்து. ஆனால் இந்தத் துணிவு சாத்தியமானது அந்த வாயோரக் காயை முன்பே போடாமல் விட்டுவைத்ததால். முன்பு காட்டிய பொறுமைதான் இப்போது துணிவதற்கு முதலாகிறது.

பொறுமையும் ஓர் ஆட்டமே

பொறுத்து ஆடுவது என்றால் சும்மா தட்டிவிட்டு முறையைக் கடத்துவது என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல ஆட்டக்காரர் பொறுமையாக ஆடும்போதும் ஒவ்வொரு அடியிலும் ஏதாவது ஒரு வேலை நடக்கும்.

முதலாவது, சுலபமான காயைச் சேமிப்பது. வாயோரத்தில் நிற்கும் உங்கள் காய் ரெட்டுக்கு ஃபாலோவாக உதவும். அந்தப் பாக்கெட்டை எதிராளிக்கு அடைத்தும் வைக்கும். தெரியாமல் அவர் அதைப் போட்டுவிட்டால் காய் உங்கள் கணக்கில். அவருடைய முறையும் போய்விடும். அவர் அதைத் தட்டி நகர்த்திவிடலாம் என்பது மட்டுமே ஆபத்து. அதற்காக ஓர் அடியை அவர் செலவிட வேண்டும்.

இரண்டாவது, எதிராளியின் காயை அவருக்கு வசதியில்லாத இடத்துக்குத் தள்ளுவது. அவருடைய கோட்டுக்குப் பின்னால் கிடக்கும் காயைப் பின்பக்கமாக எடுக்க வேண்டும். கட்டைவிரல் அடி கைவந்தவருக்கே அது எளிது.

மூன்றாவது, கூட்டமாகக் கிடக்கும் காய்களைத் தேவையில்லாமல் கலைக்காதிருப்பது. வேகமாக அடித்துக் கலைத்தால் உங்கள் காய்களுக்குத் திறக்கும் வழி அவருடைய காய்களுக்கும் திறக்கும். கலைத்தபின் உங்கள் கை தொடர்ந்து ஓடும் என்று தெரிந்தால் மட்டுமே கலைக்கலாம். இல்லையென்றால் அந்த வேலையை அவர் செய்யட்டும்.

நான்காவது, ஸ்ட்ரைக்கரைக் காப்பது. வேகத்தில் ஸ்ட்ரைக்கரே பாக்கெட்டில் விழுந்தால் போட்ட காய் ஒன்று திரும்பப் பலகைக்கு வருகிறது, முறையும் போகிறது. நெருக்கமான போர்டுகளில் தோல்விக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

பலகையும் பருவமும்

மும்பைக்காரர்கள் மழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரக்காற்றில் பலகை மந்தமாகும். ஸ்ட்ரைக்கர் நழுவும் வேகமும் சட்டத்தில் பட்டுத் திரும்பும் வேகமும் குறையும். மே மாதத்தில் பாக்கெட் வரை போன அதே அடி ஜூலையில் பாதியில் நிற்கும். சட்டத்தில் மோதித் திரும்பும் 'ரீபவுண்ட்' அடிகளை நம்பித் துணிவது அந்நாட்களில் சரிப்படாது. போட்டிக்கு முன் கிடைக்கும் பயிற்சி அடிகளைக் காய் போட்டுக் காட்டுவதில் வீணாக்காமல், பலகையின் வேகத்தை அளப்பதற்குப் பயன்படுத்த வேண்டும்.

மனத்தையும் பார்க்க வேண்டும். 12 புள்ளி இழந்த உடனே அடுத்த போர்டிலேயே அத்தனையையும் மீட்டுவிட வேண்டும் என்று தோன்றும். 0–12 என்பது கேமின் பாதிகூட இல்லை. மிச்சம் ஏழு போர்டு இருக்கிறது. அங்கே அவசரம் கூடாது. அதே இடைவெளி ஆறாவது போர்டுக்குப் பின் இருந்தால் துணியாமல் இருப்பதுதான் தவறு. முன்னிலையில் இருப்பவருக்குப் பொறுமை மலிவு. பின்தங்கியவருக்கு ஒவ்வொரு போர்டிலும் அதன் விலை ஏறுகிறது.

வீட்டிலும் சங்கத்திலும் செய்யக்கூடியது

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று 48, 49, 50-ஆம் அதிகாரங்கள் வரிசையாக வருகின்றன. கேரம் ஆடும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வரிசை கிடைக்காது. இந்த அடி என் கைக்கு வருமா? இத்தனையாவது போர்டில், இந்தப் புள்ளியில் இது தேவையா? காய்கள் கிடக்கும் இடம் எனக்குச் சாதகமா, அவருக்கா? மூன்று கேள்விகள், சில விநாடிகளில் கேட்டுவிடலாம். காலமறிதலில் வள்ளுவர் கொக்கை உவமை காட்டுகிறார். ஒடுங்கி நிற்பதும் கொக்கின் வேலை; சமயம் வாய்த்தால் கொத்துவதும் அதன் வேலை.

பெற்றோர்களும் சங்கத்து அன்பர்களும் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் பாயிண்ட் கணக்கை விட்டு, 25 புள்ளி, 8 போர்டு என்ற போட்டி விதிப்படி ஆட வையுங்கள். ஒரு தாளில் ஒவ்வொரு போர்டின் புள்ளியையும் எழுதச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்தபின், எந்தப் போர்டில் எத்தனை புள்ளியை வீணாக விட்டுக்கொடுத்தோம் என்று பிள்ளைகளே அந்தத் தாளைப் பார்த்துப் பேசட்டும். விதி தெரிந்த பெரியவர் ஒருவர் நடுவராக உட்கார்ந்தால் இன்னும் நல்லது. காசு வைத்து ஆடுவது மட்டும் அந்தப் பலகைப் பக்கம் வரக்கூடாது. காசு வந்துவிட்டால் கணக்குப் போடும் புத்தி போய், விட்டதைப் பிடிக்கும் வெறி வந்துவிடும்.

நம் பிள்ளைகளின் விரல்களில் திறமை ஏற்கெனவே இருக்கிறது. ஒரு தாளும் ஒரு பென்சிலும் பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால், அடுத்த போட்டியில் அவர்கள் மூன்றாவது, நான்காவது சுற்றுவரை நிற்பதை நாமே பார்க்கலாம்.