புதிய மீன் தொட்டியின் நீர்த் தரம்

புதிய மீன் தொட்டியின் நீர்த் தரம் பேணல் என்பது, மீன்களின் கழிவை மாற்றும் நுண்ணுயிரிகள் தொட்டியில் பெருகி நிலைபெறும் வரை நீரின் வேதியியல் தன்மையைக் கண்காணித்துச் சீர்செய்வதாகும். இக்காலத்தில் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீரிலும் மீன்கள் இறப்பதுண்டு. இது புதுத் தொட்டி நோய் என அழைக்கப்படுகிறது. பெயர் அவ்வாறு இருப்பினும் இது தொற்று அன்று, நச்சேற்றமே. சமவெளி நீருக்கு வகுக்கப்பட்ட முறைகள், நீலகிரி மாவட்டத்தின் தேவாலா போன்ற மழை மிகுந்த மலையூர்களுக்கு அப்படியே பொருந்துவதில்லை.

நைட்ரசன் சுழற்சி

மீன்கள் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றுகின்றன. எஞ்சிய உணவு அழுகுவதாலும் அது உண்டாகிறது. ஒருவகை நுண்ணுயிரிகள் அமோனியாவை நைட்ரைட்டாகவும், வேறு சில அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதலிரண்டும் சிறு அளவிலேயே கொல்லக்கூடியவை. நைட்ரைட்டு மீனின் குருதியைப் பழுப்பாக்கி, உயிர்வளியை ஏற்கும் திறனைக் குறைக்கிறது. நைட்ரேட்டின் நச்சுத்தன்மை மிகக் குறைவு.

நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. நன்னீர்த் தொட்டிகளில் அப்பணியைச் செய்வது நைட்ரோஸ்பைரா என 1990களில் அறியப்பட்டது. இரு படிகளையும் தனியொரு நுண்ணுயிரியே செய்யவல்லது என்பது 2015 இல் வெளியானது. இவை நீரில் மிதப்பதை விட வடிகட்டியின் பஞ்சிலும் சரளையிலும் படலமாக ஒட்டியே வாழ்கின்றன. ஆகவே பழைய தொட்டியின் நீரை ஊற்றுவதால் பெரும்பயன் இல்லை. அதன் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு இருந்தால் போதும்.

தேவாலாவின் நீர்

பந்தலூர் வட்டத்தில் அமைந்த தேவாலா, தமிழ்நாட்டில் மிகுதியாக மழை பெறும் ஊர்களுள் ஒன்று. 1880களில் ஆங்கிலேய நிறுவனங்கள் இங்குள்ள படிகக்கல் நாளங்களில் தங்கம் தேடிச் சுரங்கம் தோண்டின. படிகக்கல் நீரில் கரைவது மிக அரிது. கருங்கல் வகைப் பாறைகளும் அவ்வாறே. சுண்ணாம்புப் பாறை இல்லாத இத்தகைய நிலத்தில் ஊறும் நீர் மென்மையாகவும் சற்றே காடித்தன்மையுடனும் இருக்கும். குடிப்பதற்கும் துணி வெளுப்பதற்கும் நல்லதான இந்நீர், புதுத் தொட்டிக்கு ஒரு சிக்கலை உண்டாக்குகிறது.

ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரசனை மாற்றுவதற்கு, கால்சியம் கார்பனேட்டுக் கணக்கில் ஏறத்தாழ 7 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகிறது. மென்னீரில் அது விரைவில் தீர்ந்து பி.எச் அளவு சரியும். 6க்குக் கீழே நுண்ணுயிரிகளின் செயல் பெரிதும் மந்தமாகும். தென்மேற்குப் பருவமழைக் காலக் குளிர் அதனை மேலும் தாமதப்படுத்தும். வெப்பமான நீரில் நான்கு முதல் ஆறு வாரங்களில் நிலைபெறும் தொட்டி, இங்கு அதனினும் காலம் எடுக்கலாம்.

அமோனியா சேர்ந்தும் மீன்கள் நலமாகத் தோன்றுவதே இங்குள்ள பொறி. காடித்தன்மையுள்ள நீரில் அது பெரும்பாலும் நச்சுக் குறைந்த அமோனியம் அயனியாக இருக்கும். 25 பாகை செல்சியசில், பி.எச் 6 ஆக உள்ளபோது மொத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கும் நச்சு வடிவில் இல்லை. 8 ஆகும்போது ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு அவ்வடிவில் உள்ளது. இந்நிலையில் பி.எச் அளவை உயர்த்தச் சுண்ணாம்போ சமையல் சோடாவோ மிகுதியாகக் கொட்டினால், அதுவரை தாங்கிய மீன்கள் சில மணி நேரத்தில் மடியக்கூடும். பழி பெரும்பாலும் தண்ணீரின் மீதோ மீன் விற்றவர் மீதோ விழும்.

பேணும் முறை

மீன் விடுவதற்கு முன்பே, கழுவிய கிளிஞ்சல் ஓடுகளைச் சிறு துணிப்பையில் கட்டி வடிகட்டியில் இடுவது பாதுகாப்பானது. நீர் காடியாகும்போது அவை மெல்லக் கரைந்து காரத்தன்மையை மீட்கின்றன. தொடக்கத்தில் ஓரிரு மீன்களையே விட்டு, உணவைக் குறைத்து, அமோனியாவையும் நைட்ரைட்டையும் இரண்டு நாட்களுக்கு ஒருமுறை சோதித்தல் வேண்டும். அளவு கூடினால், தொட்டி நீருக்கு நெருங்கிய பி.எச் அளவுள்ள நீரால் கால் பங்கை மாற்றலாம். ஊற்று நீரில் குளோரின் இராது. குழாய் நீராயின் சோடியம் தயோசல்பேட்டு இட்டு அதனை நீக்கிய பின்னரே ஊற்றலாம். வடிகட்டிப் பஞ்சையும் குழாய் நீரில் அலசலாகாது. வெளியே எடுத்த தொட்டி நீரிலேயே மெல்லப் பிழிந்து திரும்ப வைக்க வேண்டும்.