நாமும் நாங்களும்

பிறமொழியாளருக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் தொடக்கத்திலேயே விளக்கவேண்டிய சொற்கள் இரண்டு உள. ஒன்று 'நாம்', மற்றொன்று 'நாங்கள்'. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழிலோ, கேட்பவரையும் உடன் சேர்த்துப் பேசினால் 'நாம்'. அவரை நீக்கிப் பேசினால் 'நாங்கள்'. இந்த வேறுபாட்டைப் பல்லாண்டுகள் கரும்பலகையில் எழுதி விளக்கிய நான், அதன் முழுப்பொருளை உணர்ந்தது வகுப்பறையில் அன்று. என் வீட்டுக் கூடத்திலே. மாணவ அன்பர்களே, அந்த அனுபவத்தையே இன்று உங்களுக்குக் கூற விழைகிறேன்.

நான் பிறந்தது திருவையாற்றுக்கு அண்மையில், காவிரிக் கரையிலுள்ள ஒரு சிற்றூர். தந்தையார் தொடக்கப்பள்ளி ஆசிரியர். அன்னையாரோ எழுத்தறியாதவர். ஆயினும், எனக்கு முதலில் மொழியைக் கற்பித்தவர் அன்னையாரே. நாற்றங்காலில் நிற்பது நாற்று, நட்டபின் அது பயிர், களத்தில் அடித்துக் குவித்தால் நெல், குத்தினால் அரிசி, உலையிலிட்டு வடித்தால் சோறு. இச்சொற்களை அவர் பாடமாகச் சொல்லித் தந்தாரல்லர். 'களத்து நெல்லைப் பார்த்துக்கொள்', 'அரிசியைக் களைந்து வை' என்று அவர் ஏவியபோது, சொல்லும் பொருளும் ஒன்றாகவே என்னிடம் வந்து சேர்ந்தன. வேலையோடு வந்த சொல் எளிதில் மறப்பதில்லை.

1984-ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்குத் தமிழாசிரியனாகச் சென்றேன். 1965-இல் தனிநாடான சிங்கப்பூரில் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் ஆட்சிமொழிகள். தமிழ்ப் பிள்ளைகள் தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் பள்ளியில் பயில இடமுண்டு. ஆனால் 1987 முதல் அந்நாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி. ஆகவே பிள்ளைகள் விளையாடுவதும் வாதாடுவதும் ஆங்கிலத்தில். தமிழுக்குக் கிடைப்பது கால அட்டவணையில் ஒரு சிறு கட்டம்.

என் மகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். 1993-ஆம் ஆண்டில், அவளுக்கு ஏழு வயதாயிருந்தபோது, என் அன்னையார் எங்களோடு தங்க வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கிழக்குக் கடற்கரைப் பூங்காவுக்குப் போக ஏற்பாடு செய்திருந்தோம். குழந்தை மகிழ்ச்சியோடு பாட்டியிடம் ஓடி, 'பாட்டி, நாங்கள் கடற்கரைக்குப் போகிறோம்' என்றாள். சற்று நேரங் கழித்து நாங்கள் புறப்பட்டபோது, அன்னையார் பழைய சேலையோடு சன்னலோரத்தில் அமர்ந்திருந்தார். 'வரவில்லையா அம்மா?' என்று கேட்டேன். 'குழந்தை என்னை அழைக்கவில்லையே, தம்பி. நீங்கள் போய் வாருங்கள். நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்' என்றார்.

அவர் குரலில் சினம் இல்லை. எழுத்தறியாத அம்மூதாட்டி, தம் காதில் விழுந்த சொல்லுக்கு உரிய பொருளைச் சரியாகவே கொண்டார். குழந்தையும் அவரை விலக்க எண்ணவில்லை. அவள் உள்ளத்தில் எழுந்தது ஆங்கிலச் சொல். அதற்கு முதலில் கிடைத்த தமிழ்ச்சொல்லை எடுத்து வழங்கினாள். சொல் தமிழாயிருந்தது, சொல்லின் எல்லை மட்டும் ஆங்கிலமாயிருந்தது. இருமொழிச் சூழலில் வளரும் குழந்தைகள் ஒரு மொழியின் பாகுபாட்டை மற்றொன்றின்மேல் ஏற்றுவது இயல்பே. அது அறிவின் குறையன்று. 1962-இல் கனடா நாட்டு மான்றியால் நகரில், எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் என்னும் இருவர் பத்து வயதுச் சிறுவரை ஆராய்ந்து, பிரெஞ்சும் ஆங்கிலமும் ஒருங்கே அறிந்தவர் அறிவுத்தேர்வுகளில் சிறந்து நின்றதைக் காட்டினர். இருமொழி குழந்தையின் அறிவைக் குழப்பும் என்ற பழைய அச்சம் அதன்பின் பெரிதும் தளர்ந்தது.

அப்படியாயின், குறை எங்கே? அதை எனக்குக் காட்டியவர் எதிர்வீட்டு மலாய் அம்மையார். என் மகள் அவரிடம் விளையாட்டாகவே மலாய் கற்றாள். அம்மொழியிலும் கேட்பவரைச் சேர்த்துச் சொல்ல 'கீத்தா', நீக்கிச் சொல்ல 'காமி' என இரு சொற்கள் உண்டு. நெல்லுக்குப் 'பாடி', அரிசிக்குப் 'பராஸ்', சோற்றுக்கு 'நாசி' என மூன்று சொற்களும் உண்டு. இவற்றில் என் மகள் ஒருநாளும் தவறியதில்லை! தன் தாய்மொழியில் தடுமாறிய அதே வேறுபாட்டை, அயல்மொழியில் அவள் எளிதாகக் கையாண்டாள்.

காரணத்தை எண்ணிப் பார்த்தேன். அந்த அம்மையார் அவளோடு அடுக்களையில் அமர்ந்து பேசினார். பிழை நேர்ந்தால் சிரித்துக்கொண்டே சரியான சொல்லைத் தம் பேச்சில் வைத்து மேலே சென்றார். நானோ வீட்டிலும் ஆசிரியனாகவே இருந்தேன். அவள் 'வந்தாங்க' என்றால், 'வந்தார்கள் என்று சொல்' என்று திருத்தினேன். தமிழில் பேச்சுவழக்கும் எழுத்துவழக்கும் வேறுவேறு என்பதை நாம் அறிவோம். தமிழகத்துக் குழந்தை முன்னதைத் தெருவிலும் வீட்டிலும் நிறையப் பெற்றபின், பின்னதைப் பள்ளியில் கற்கிறது. அயலகக் குழந்தைக்குத் தெரு ஆங்கிலம், பள்ளி ஆங்கிலம், எஞ்சியிருப்பது வீடு ஒன்றே. அவ்வீட்டிலும் எழுத்துவழக்கைத் திணித்து, அவள் பேச்சுக்கு இருந்த ஒரே இடத்தை நானே அடைத்துவிட்டேன். திருத்தத்துக்கு அஞ்சிய குழந்தை என்னிடம் தமிழ் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். தமிழை வளர்க்கச் சென்றவனின் இல்லத்தில் தமிழ் மெலிந்தது என் கையாலேயே.

இது என் ஒருவனின் பிழை மட்டுமன்று. சிங்கப்பூரில் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு 2005-ஆம் ஆண்டில், வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கும் உரிய இடம் தரவேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் பின்னரும் ஆங்கிலத்தின் ஈர்ப்பு குறையவில்லை. ஐந்து வயதுக்கு மேற்பட்ட அந்நாட்டு மக்களுள் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 2010-இல் நூற்றுக்கு 3.3 ஆக இருந்தனர், 2020-இல் 2.5 ஆகக் குறைந்தனர். அரசு இடம் தந்தாலும், பள்ளி பாடம் தந்தாலும், உண்ணும்போதும் உறங்கச் செல்லும்போதும் பேசப்படாத மொழி வலிமை குன்றும் என்பதற்கு இது சான்று.

அன்று மாலை கடற்கரைக்கு எவரும் போகவில்லை. மறுநாள் முதல் நான் திருத்துவதை நிறுத்தினேன். அன்னையார் என் மகளை அருகில் அமர்த்தி, முறத்தை அவள் கையில் தந்து, அரிசியில் கல் பொறுக்கச் செய்தார். தொடக்கத்தில் இருவருக்கும் சைகையே மொழியாயிருந்தது. மூன்று மாதங்களில் குறுநொய், உமி, தவிடு என்ற சொற்கள் அவள் வாயில் புழங்கின. என் இளமையில் களத்துமேட்டில் நடந்த அதே பாடம், பதினொன்றாம் மாடியில் மீண்டும் நடந்தது.

அடுத்த ஆண்டு விடுமுறையில் ஊருக்குச் சென்றோம். வந்திறங்கிய மறுநாள் காலை, என் மகள் திண்ணைக்கு ஓடிவந்து, 'பாட்டி, நாம் ஆற்றுக்குப் போவோமா?' என்று கேட்டாள். அன்னையார் விடை கூறவில்லை. கையிலிருந்த வெற்றிலையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

மாணவர்களே, உங்களுள் பலர் நாளை கடல் கடந்து செல்வீர்கள். எம்மொழியைக் கற்றாலும் நன்றே கற்றுக்கொள்ளுங்கள். ஆனால், வீட்டிலுள்ள முதியவரோடு நாள்தோறும் சிறிது நேரம் அவர் மொழியில் பேசுங்கள். பிழைபடப் பேசினும் பேசுங்கள். பிழையைப் பின்னர்த் திருத்திக்கொள்ளலாம்; பேசாமல் கழிந்த மாலைப்பொழுதைத் திரும்பப் பெற இயலாது.