கடைமடை அறையும் கம்பியில்லா அலையும்

மேட்டூர் அணையின் இருமருங்கும் புறப்படும் கிழக்குக்கரை, மேற்குக்கரை வாய்க்கால்கள் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் ஏறத்தாழ 45,000 ஏக்கர் நிலத்துக்கு நீர் அளிப்பன. வாய்க்காற் பாசனத்தில் கடைமடையில் நிலம் உடையார் படும் பாட்டை இப்பக்கத்தார்க்கு யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. தலைமடையில் நீர் ததும்பி நிற்கும்; கடைமடையில் மண் வெடித்துக் கிடக்கும். மதகிலே திறந்தது குறைவு என்பதன்று. விட்ட நீர் வழியிலேயே உறிஞ்சப்படுகின்றது. நம் இல்லங்களில் இணையத்தின் நிலையும் இத்தன்மைத்தே. முன்கூடத்தில் தொலைக்காட்சி தடையின்றி ஓடும். அடுக்களைக்கு அப்பாலுள்ள பின்னறையில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையின் கைப்பேசியிலோ ஒரு வட்டம் ஓயாது சுழன்றுகொண்டிருக்கும்.

இவ்விடர்ப்பாட்டுக்கு ‘மெஷ்’ என்னும் ஏற்பாடே மருந்தென இப்போது கடைகளிற் பெரிதும் பேசப்படுகின்றது. அஃது யாது, எவ்வாறு தொழிற்படுகின்றது, எங்கே பயன்படும், எங்கே வீண்செலவாய் முடியும் என்பவற்றை இயன்றவளவு தெளிவுறுத்துதலே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு எனச் சிலர் நகைக்கலாம். பின்னறையில் அமர்ந்து படிப்பவருள் தமிழ் மாணாக்கரும் உளர் என்பதே எம் விடை.

கண்ணாடி இழை இன்று ராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர் முதலிய ஊர்களில் மட்டுமன்றி, அவற்றைச் சூழ்ந்த பல சிற்றூர்களிலும் வீட்டு வாயில் வரை வந்துவிட்டது. இணைக்க வருபவர் வாசற்சுவரில் துளையிட்டு, தொலைக்காட்சியின் பக்கத்திலேயே ரவுட்டரை மாட்டிவிட்டுச் செல்வார். அவருக்கு அதுவே எளிது, கம்பியும் குறைவு. அன்றுமுதல் வீட்டின் ஒரு மூலை தலைமடையாகவும், அதற்கு நேரெதிர் மூலை கடைமடையாகவும் அமைந்துவிடுகின்றன. முன்கூடத்தில் அமர்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெரியவரும் விருந்தினருமாவர். பின்கட்டில் இருப்போர் பெண்டிரும் படிக்கும் பிள்ளைகளும். ஆதலின், இது வெறும் கருவிக் குறைபாடு என்று எமக்குத் தோன்றவில்லை. மாலையில் நடக்கும் இணைய வகுப்பைக் கேட்க மாடிப்படியில் உட்காரும் மாணவியை இவ்வூர்ப் பக்கங்களில் யாவரும் கண்டிருப்பர்.

குறை கண்ட வீட்டார் முதலிற் செய்வது யாது? நொடிக்கு 50 மெகாபிட் வேகமுள்ள திட்டத்தை விடுத்து 100-க்கு மாறுவர். அதுவும் போதாதென 200-க்கு ஏறுவர். மாதந்தோறும் கட்டணம் உயரும். பின்னறை மட்டும் இருந்தபடியே இருக்கும். மதகை அகலத் திறந்தார்களேயன்றி வாய்க்காலைச் செப்பனிட்டாரில்லை.

நிற்க. அலையை உறிஞ்சுவது யாதென ஆராய்வோம். வைஃபைக்குரிய அலைகள் பெரும்பான்மை இருவகைப்படும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12 செண்டிமீட்டர். அஃதாவது அரைச்சாணுக்குச் சற்று மிகும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதிற் பாதி. முன்னது சுவரை ஓரளவு கடக்கும். ஆயின் வேகம் குறைவு, நெரிசலும் மிகுதி. பின்னது விரைந்து செல்வது. சுவரைக் கண்டால் தளர்ந்துவிடும். வானொலி அலை சுவரைக் கடக்கும் என்பதை இந்நாட்டில் யாவரும் காணக் காட்டியவர் ஜகதீச சந்திர போஸ் ஆவர். 1895-ஆம் ஆண்டில் அவர் கல்கத்தா நகர மண்டபத்தில் மிகக் குறுகிய அலைகளை அனுப்பி, கம்பித் தொடர்பு ஏதுமின்றி அப்பால் இருந்த மணியை ஒலிப்பித்தார், வெடிமருந்தையும் பற்றவைத்தார். கடக்கும் என்பது உண்மையே. கடந்தபின் எவ்வளவு எஞ்சும் என்பதே நம் வினா.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றுப்புறச் சிற்றூர்களில் தான் நிறுவிய கண்பார்வை மையங்களை 2000-த்தின் பிற்பட்ட ஆண்டுகளில் வைஃபை அலையாலேயே தன்னோடு இணைத்துக்கொண்டது. பெர்க்லி நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் இதற்குத் துணைநின்றனர். சிற்றூரில் அமர்ந்த நோயாளியைத் தேனியிலிருந்த மருத்துவர் திரையிற் கண்டு வினவினார். இடைப்பட்ட தொலைவு சிலவிடங்களிற் பத்துக் கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. வீட்டில் இரண்டு சுவரைக் கடவாத அதே இன அலை, வெளியில் இத்துணைத் தூரம் சென்றது எங்ஙனம்? உயர்ந்த கோபுரங்களின்மேல் ஆன்டெனாக்களை நேருக்குநேர் நிறுத்தி, அலையை நாற்புறமும் சிதறவிடாது ஒரே திசையிற் குவித்தனர். இடையே தடை ஒன்றும் இல்லை. ஆகவே, அலைக்குப் பகை தொலைவைக் காட்டிலும் தடையே என்பது பெறப்படும்.

நம் வீடுகளோ தடைகளின் தொகுதி. ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் ஒன்றைக் கடந்தபின் அலையின் வலிமையிற் பத்திலொரு பங்கே எஞ்சுதலும் உண்டு. அத்தகைய சுவர் இரண்டாயின் நூற்றிலொரு பங்கு. இரும்புக்கம்பி பாவிய கான்கிரீட்டுத் தளம் இன்னும் கொடிது. இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, நிறைந்த தண்ணீர்த் தொட்டி ஆகியவையும் அலையைத் தடுப்பனவே. சேலத்துக் குகை, செவ்வாய்ப்பேட்டை முதலிய பழம்பகுதிகளில் உள்ளதுபோல் குறுகி நீண்ட வீடாயின், வாயிலினின்று கொல்லை வரை ஒன்றன்பின் ஒன்றாகச் சுவர்கள் நிற்கும். மேலைநாட்டில் பலகையாலும் மெல்லிய அட்டையாலும் அறை தடுத்த வீடுகளை எண்ணி, பெட்டியின்மேல் ‘இத்தனை சதுர அடிக்குப் போதும்’ என அச்சிட்ட கணக்கு நமக்குப் பொருந்துமாறு இல்லை. ஆறு ஆன்டெனாக்களை நீட்டிக்கொண்டு நண்டுபோல் அமர்ந்திருக்கும் பெரிய ரவுட்டராலும் இச்சுவர்களைத் தகர்த்தல் ஆகாது. அது வலிதாய்ப் பேசினாலும், பின்னறைக் கைப்பேசியின் மெல்லிய மறுமொழி அதன் செவிக்கு எட்டல் வேண்டுமன்றோ?

இனி மெஷ் என்பதற்கு வருவோம். இவ்வாங்கிலச் சொல்லுக்கு நேரான தமிழ், மீனவர் வழங்கும் ‘வலைக்கண்’ என்பது. வலையில் ஒவ்வொரு முடிச்சும் அடுத்த முடிச்சுகளோடு பிணைந்திருக்கும். ஒரு கண் அறுந்தாலும் வலை நிற்கும். அவ்வாறே ஒரு பெரும் பெட்டிக்கு மாறாக இரண்டு மூன்று சிறு பெட்டிகளை வீட்டினுள் பரப்பி வைத்து, அவை ஒன்றோடொன்று பேசி, அலையைக் கைமாற்றிக் கொண்டுசெல்லும்படி அமைப்பதே இவ்வேற்பாடு. பெட்டிகள் எல்லாவற்றிற்கும் பெயரும் கடவுச்சொல்லும் ஒன்றே. கைப்பேசியோடு கூடத்தினின்று கொல்லைக்கு நடந்தால், அஃது ஒரு பெட்டியை விட்டு மற்றொன்றைத் தானே பற்றிக்கொள்ளும்.

இம்முறை முதலில் வீட்டுக்கென எழுந்ததன்று, ஊருக்கென எழுந்தது. 2005 ஜனவரியில் இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமமின்றி வெளியிடங்களிலும் பயன்படுத்த இசைவளித்தது. அடுத்த மாதமே இமயமலைச் சாரலிலுள்ள தரம்சாலாவில், திபெத்தியர் வாழும் பகுதியின் பள்ளிகளையும் அலுவலகங்களையும் இணைக்கும் வலைக்கண் அமைப்பு இயங்கத் தொடங்கிற்று. விலைமலிந்த வீட்டு ரவுட்டர்களையே வாங்கி, அவற்றின் உள்நிரலை மாற்றி, கூரைதோறும் பொருத்தினர். அங்கே அவர்கட்கு நேர்ந்த பெருந்தொல்லைகளுள் ஒன்று குரங்கு! ஆன்டெனாவைப் பற்றி ஊசலாடும் மந்திகளைத் தாங்குமாறு அவற்றை வலிதாய்ச் செய்யவேண்டியதாயிற்று. வீட்டுக்கென மெஷ் பெட்டிகள் பரவலாய் விற்பனைக்கு வந்தது 2016-ஆம் ஆண்டில். ஈரோ, கூகிள் முதலிய நிறுவனங்கள் அவ்வாண்டில் அவற்றை அமெரிக்காவில் வெளியிட்டன. ஒரு நிறுவனத்தின் பெட்டி மற்றொன்றின் பெட்டியோடு பேசுதற்குரிய ‘ஈசிமெஷ்’ என்னும் பொதுவிதி 2018-இல் வகுக்கப்பட்டது. எனினும் அவ்விதியை எல்லாரும் தழுவினாரில்லை. ஆதலின், வெவ்வேறு நிறுவனப் பெட்டிகளைக் கலந்து வாங்குவோர் இதனை உசாவி அறிந்து வாங்குதல் நன்று.

வாங்குமுன் செய்யத்தக்கது அளத்தல். கைப்பேசியில் இலவசமாய்க் கிடைக்கும் வைஃபை அளவைச் செயலிகள் அலையின் வலிமையை டிபிஎம் என்னும் அலகில், கழித்தற்குறியோடு காட்டும். −50 என்பது சிறப்பு. −67 வரையில் இணைய வகுப்புக்குத் தடையில்லை. −80-க்கு அப்பால் பயன் ஒன்றும் இராது. சென்ற விடுமுறையில் ராசிபுரத்துக்கு அணித்தாயுள்ள எம் அத்தை வீட்டில் இவ்வாறு அறைதோறும் அளந்தோம். அவ்வீட்டு மகள் அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கின்றவள். கூடத்தில் −42, நடையில் −63, அவள் படிக்கும் பின்னறையில் −84 எனக் கண்டோம். இரண்டுமுறை திட்டத்தை உயர்த்தியும் பயனில்லை என்று அத்தை வருந்தினார். மாமாவோ, “ஏனுங் கண்ணு, பொட்டிய எடுத்து நடையில மாட்டிப்போட்டா ஆகாதுங்களா?” என்றார். யாம் படித்தறிந்து சொல்லக் கருதியதும் அதுவே. பதினைந்து மீட்டர்க் கம்பியும் நான்கு ஆணியும் கொண்டு ரவுட்டரை வீட்டின் நடுவே ஆள் உயரத்துக்கு மேல் மாற்றினோம். பின்னறையில் −70 ஆயிற்று. முற்றும் தீர்ந்ததன்று, ஆயினும் செலவு மிகச் சிறிது. உயர்ந்த திட்டத்துக்குச் செலுத்திவந்த தொகையை மீண்டும் குறைத்து, அவ்வாறு எஞ்சிய பணத்தில் ஓர் இணைப்பெட்டி வாங்கலாம் என அன்றே முடிவாயிற்று.

அவ்விணைப்பெட்டியை எங்கே வைப்பது என்பதிற் பலர் தவறுவர். அலை எட்டாத அறையினுள்ளேயே வைத்தால் அதற்கும் அலை எட்டாது. தனக்கே கிட்டாத நீரை அஃது எவ்வாறு பாய்ச்சும்? முதற்பெட்டிக்கும் குறையுள்ள அறைக்கும் நடுவே, அலை இன்னும் −60 அளவில் நல்ல நிலையில் உள்ள இடத்தில் அதனை வைத்தல் வேண்டும். கதவுக்கு நேராக வைத்தல் பின்னும் நலம். சுவரைக் காட்டிலும் மரக்கதவு அலைக்கு வழிவிடும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. பெட்டிகள் தம்முள் பேசுதற்கும் கைப்பேசியோடு பேசுதற்கும் ஒரே அலைவரிசையைக் கொள்ளுமாயின், ஒவ்வொரு செய்தியும் வானில் இருமுறை செல்லவேண்டும். எனவே வேகம் ஏறக்குறையப் பாதியாகும். மூன்றாம் பெட்டியும் அவ்வாறே தொடர்ந்தால் மேலும் குறையும். மூன்று அலைக்கருவிகள் உள்ள பெட்டிகள் ஒன்றனைத் தம்முட் பேசுதற்கென ஒதுக்கிக்கொள்ளும். அவற்றின் விலை மிகுதி. இவையனைத்தினும் சிறந்தது, பெட்டிகளை லேன் கம்பியால் இணைத்துவிடுதல். அக்கம்பி 100 மீட்டர் வரை வேகம் குறையாது கொண்டுசெல்லும், விலையும் எளிது. ‘கம்பியில்லா’ ஏற்பாட்டுக்குக் கம்பியே உயிர் என்பது வேடிக்கையாய்த் தோன்றலாம். அத்தை வீட்டில் இரண்டாம் பெட்டியைக் கம்பியால் இணைத்தபின் பின்னறையில் −48 கண்டோம். புதுவீடு கட்டுவோர் மின்கம்பிக்குக் குழாய் பதிக்கும்போதே, அறைதோறும் இதற்கும் ஒரு குழாய் பதித்துவிடுவாராயின் பிற்காலத்தில் சுவரை உடைக்கவேண்டுவதில்லை. எம் கருத்தில், மெஷ் பெட்டி வாங்குவதினும் இஃது அறிவுடைய செலவு.

மின்தடை பற்றியும் ஒரு சொல். பெட்டி பலவாயின் மின்சாரம் வேண்டுமிடமும் பலவாம். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளிலும் எல்லாப் பிளக்குகளும் அதனோடு இணைந்திரா. மின்சாரம் போனவுடன் நடுப்பெட்டி அணைந்தால், அதற்கப்பால் உள்ளது எரிந்தும் பயனில்லை. ஆதலின் பெட்டிகள் யாவும் இன்வெர்ட்டர் பிளக்கிலேயே அமைதல் வேண்டும்; அல்லது ரவுட்டருக்கென விற்கும் சிறு மின்கலப் பெட்டியைத் தனித்தனியே பொருத்தலாம்.

இறுதியாக, நாமக்கற் பக்கத்துக் கோழிப்பண்ணைகளைப் பற்றி நண்பர் சிலர் எம்மை வினவினர். வீட்டினின்று நூறு இருநூறு மீட்டர் தள்ளியுள்ள கொட்டகையில் கண்காணிப்புக் கேமராவுக்கு இணையம் வேண்டும். மெஷ் பெட்டி போதுமா என்பது அவர்கள் வினா. போதாது. கொட்டகையின் பக்கங்கள் இரும்புக் கம்பிவலையால் அடைக்கப்பட்டவை. அவ்வலையின் கண் ஓர் அங்குல அளவினது. அலையின் நீளமோ அதைப்போல் ஐந்து மடங்கு. இத்தகைய சிறுகண் வழியே அவ்வலை எளிதில் நுழையாது. கோழிக்கு இட்ட வேலி இணையத்துக்கும் வேலியாய்விடுகின்றது. மேலே தகரக் கூரையாயின் சொல்லவேண்டுவதில்லை. இங்கே தேனியிற் செய்த முறையே பொருந்தும். வீட்டு மாடியில் ஒன்றும் கொட்டகைக் கூரையின்மேல் ஒன்றுமாக, நேருக்குநேர் நோக்கும் இரண்டு வெளிப்புற ஆன்டெனாக்களை நிறுத்துக. 2018 முதல் 5 கிகாஹெர்ட்ஸ் அலையையும் வெளியிடங்களில் உரிமமின்றிப் பயன்படுத்தலாம். இடையே தென்னை வளர்ந்து மறைக்காத வழியை முன்னரே பார்த்துக்கொள்ளல் வேண்டும். கூரைமேல் வாங்கிய அலையைக் கம்பி வழியே கீழிறக்கி, கம்பிவலைக்கு உட்புறத்தில், தூசி புகாத மூடிக்குள் ஒரு சிறு பெட்டியை மாட்டிவிட்டால் கேமரா அதனின்று இணையம் பெறும்.