இந்த இடுக்கி யாரைத் தொட்டது?

இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ நகர மருத்துவமனையில் 2002-ல் ஒரு நோயாளிக்கு மூளைத் திசு எடுத்துப் பரிசோதித்தார்கள். அவருக்கு இருந்தது மூளையைச் சிதைக்கும் குரூட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோய் என்று தெரியவருவதற்குள், அதற்குப் பயன்பட்ட கருவிகள் ஆட்டோகிளேவ் என்னும் நீராவிக் கலனில் வெந்து மறுபடியும் அறுவை அரங்குக்குப் போய்விட்டன. நோய்க்குக் காரணமான பிரியான் புரதம் எஃகில் ஒட்டிக்கொள்ளும். வழக்கமான நீராவிக்கு முழுதாக அழியாது. 24 பேரை அழைத்து, உங்களுக்கும் தொற்றியிருக்க வாய்ப்புண்டு என்று சொல்ல வேண்டிவந்தது. நோய் வெளிப்படப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், 'இல்லை' என்று உறுதி சொல்லவும் வழியில்லை.

மூளை, கண்ணின் பின்பகுதி அறுவைக்கான கருவிகள் ஒரு ட்ரேயிலிருந்து இன்னொன்றுக்கு மாறக் கூடாது என்று மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் அந்நாட்டின் 'நைஸ்' அமைப்பு 2006-ல் வழிகாட்டியது. சொல்வது எளிது. ஒரே ட்ரேயில் அச்சு அசலாக ஒரே மாதிரி நாலைந்து ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் இடுக்கிகள் கிடக்கும். கழுவுமிடத்தில் பக்கத்து ட்ரேயுடையது ஒன்று கலந்துவிட்டால் யார் கண்டார்கள்?

இங்கேதான் ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் தரும் ஆர்.எஃப்.ஐ.டி. சில்லு வருகிறது. இதில் பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலேயே உயிர்பெற்றுத் தன் எண்ணைச் சொல்லிவிட்டு அடங்கிவிடும். ஆனால் உலோகம் இதற்குப் பரம எதிரி. சாதாரண சில்லை எஃகில் ஒட்டினால் ஆன்டெனா செயலிழந்துவிடும். அதனால் பீங்கான் உறையில் பொதிகிறார்கள். சில வடிவமைப்புகளில் கருவியின் உடலையே ஆன்டெனாவாக ஆக்கிவிடுகிறார்கள். அது போதாது. காரச் சோப்பு, மீயொலித் தொட்டி, 134 டிகிரி நீராவி என்று நூற்றுக்கணக்கான சுற்றுகளை அது தாங்க வேண்டும். ஒட்டிய இடத்தில் ரத்தம் தங்கும் இடுக்கு இருக்கக் கூடாது. சில்லே கழன்று வயிற்றுக்குள் விழுந்துவிடவும் கூடாது!

மலிவான மாற்று ஒன்று உண்டு: லேசரால் பொறித்த, சில மில்லிமீட்டரே உள்ள சதுரக் குறியீடு. கழன்று விழ அதில் எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கேமராவுக்குக் காட்ட வேண்டும். அவசரமான நாளில் அது நடக்குமா என்பது சந்தேகம்தான்.

கருவியை வயிற்றுக்குள் மறந்துவிடாமல் இருக்கவும் சில்லு உதவும் என்பார்கள். உண்மைதான். அமெரிக்காவில் 2003-ல் வெளியான ஆய்வொன்றில், பொருள் உள்ளே தங்கிவிட்ட 54 நோயாளிகள் இருந்தனர். அவர்களுக்கு நடந்தவற்றில், பொருள்களை எண்ணிப் பார்த்திருந்த அறுவைகளில் 88 சதவீதத்தில் 'கணக்கு சரி' என்றே எழுதியிருந்தார்கள். ஆனால் தங்கியவற்றில் பெரும்பான்மை பஞ்சுத் துணிகள், கருவிகள் குறைவு.

ரீடரை அரங்குக்குள் வைப்பதிலும் சிக்கல் உண்டு. 2008-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றின் 123 சோதனைகளில் 34 முறை ரேடியோ அலை தீவிர சிகிச்சைக் கருவிகளைக் குழப்பியது. அவற்றில் 22 ஆபத்தானவை. ஆகவே ரீடரை முதலில் வைக்கத் தோதான இடம், கருவிகளைக் கழுவி ட்ரேயில் அடுக்கும் மேசை. வென்டிலேட்டர் எதுவும் அங்கே இல்லை. கருவிகள் கலந்துபோவதும் அங்கேதான். எல்லாக் கருவிக்கும் சில்லு வாங்கப் பணம் இல்லாத மருத்துவமனை, நரம்பியல் ட்ரேக்களிலிருந்து தொடங்கலாம்.